மேலேயிருந்து மூணாவது

வெப்சைட் செய்வதுதான் என் பிழைப்பு. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குச் செய்கிறேன். சொன்னால் நம்பமாட்டார்கள்.

கடைசியில் என் உயிரை வாங்கியது ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியின் சைட். டாக்டரைச் சேனல் பண்ண, அதாவது முன்கூட்டியே நம்பர் எடுக்க, சனம் அதைத்தான் திறக்கும். பழைய நோயாளி என்றால் ஒரு வரியைத் தொட்டால் போதும், அடுத்த கிளினிக்குக்கு நம்பர் விழுந்துவிடும். கம்ப்யூட்டரில் மெனு நீட்டி நிமிர்ந்து நிற்கும். ஃபோனிலோ எல்லாம் சுருண்டு மூன்று கோட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கோட்டைத் தொட்டால் வருவது சிங்களம். தமிழ் அந்தப் பட்டியலின் அடியில் கிடக்கும். தமிழ் வேண்டியவன் சிங்களம் வாசித்துத்தான் தமிழுக்கு வரவேண்டும். என்ன கூத்து இது!

எனக்கு எரிச்சல் வந்தது அம்மாவை நினைத்துத்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்தவள். தமிழ் வாசிப்பாள். சிங்களப் பேச்சு அவளுக்குத் தண்ணிபட்ட பாடு, சிங்கள எழுத்துத்தான் ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் தன் நம்பரைத் தானே போட்டு, தானே பஸ் ஏறி, கண்ணைக் காட்டிவிட்டு வருவாள். யார் தயவும் இல்லாமல் செய்ய அவளுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். எப்படிப் போடுறீங்க என்று கேட்டால், அதெல்லாம் போடுவேன் என்பாள்.

மெனுவைத் திருத்தவேண்டும் என்று கம்பெனி சொன்னதும் பிடித்துக்கொண்டேன். மாசக்கணக்கில் இழுபறி. தமிழ்ச் சொல் நீளம், ஃபோனில் வரி இரண்டாக உடைகிறது என்றார்கள். உண்மைதான். 'மருத்துவ ஆலோசனைக்கான முன்பதிவு' என்று மொழிபெயர்த்தால் உடையாமல் என்ன செய்யும்? 'சேனல்' என்று போடுங்கள் என்றேன். மொழிபெயர்ப்பைப் பார்க்கிற யாழ்ப்பாணத்து ஐயா, அது தமிழில்லை என்று மறுத்துவிட்டார். கடைசியில் எழுத்தைச் சின்னதாக்கினோம். நம்பர் எடுக்கிற வரியை முதலாவதாக்கினோம். தமிழ் பட்டன் வெளியே வந்தது. களைத்துப் போயிருந்தேன், இருந்தாலும் ஜெயித்ததாகத்தான் நினைப்பு. அம்மாவின் ஃபோனில் நானே தமிழைத் தட்டிவைத்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு அம்மா விடியவே போனாள். திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு நம்பரே விழவில்லையாம். கவுண்டரில் இருந்த சிங்கள நோனா நல்ல மாதிரிதானாம், ஆனால் இடமில்லை என்று அனுப்பிவிட்டாளாம். ஃபோனில் எதைத் தொட்டீங்க என்று கேட்டேன். விரல் தயங்காமல் மூன்றாவது வரியில் விழுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படம் வந்தது; அந்த இடத்தில் இப்போது இருப்பது 'எங்களைப் பற்றி'.

"மேலேயிருந்து மூணாவதுதானே. எப்பவும் அதத்தான் அமுக்குவேன்."

"அதான் தமிழ்ல எழுதியிருக்கேம்மா. வாசிக்கலையா?"

"எழுத்து தெரிஞ்சா நா ஏம்ப்பா கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்?"

சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகுதான் நாங்கள் சின்னதாக்கிய எழுத்து ஞாபகம் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன். அடுத்த தடவை பார்க்கலாம் என்று பதில் வந்தது. சரி, புது இடத்தையாவது காட்டிக்கொடுப்போம் என்று அம்மாவின் விரலைப் பிடித்து முதல் வரியில் வைத்தேன். இப்ப இதுதான், பழகிக்கங்க என்றேன். தலையாட்டினாள். பிறகு ஃபோனை என் மடியில் வைத்தாள்.

"வேணாம்ப்பா. இதையும் மாத்துவீங்க. இனிமே நீயே போட்டுரு."