எல்லாருக்கும் அதே வெள்ளிக்கிழமை

தையற்காரன் வாயில் ‘நாளைக்கு வாங்க’ என்பதைத் தவிர வேறு தேதி வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. என்னைப்போலவே மிதிமிஷினில் முழங்கால் தேய்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே நாளைக் கேட்டால் நாம் என்னதான் செய்வது?

எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. 1947 ஆகஸ்ட் பதினைந்து, வெள்ளிக்கிழமை. நாட்டுக்குச் சுதந்திரம் அன்றைக்கு. ஆடிக் கடைசி வெள்ளி அன்றைக்கு. ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு மாதா திருநாளும் அதே தேதி. ரம்ஜான் பெருநாளோ இரண்டு மூன்று நாள் தள்ளி. அரியலூர் கடைத்தெருவில் நானும் என் ஒற்றை மிஷினும். கத்தரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னேன், இந்த ஒரு தேதிக்கு யாரிடமும் ‘நாளைக்கு’ சொல்வதில்லை என்று. எதிர்க்கடை வெற்றிலைக்காரர் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“எதுக்கும் இதையும் நாளைக்கிச் சொல்லுங்களேன், மேஸ்திரி.”

முந்திக்கொண்ட பலன்

வைராக்கியம் வந்துவிட்டதல்லவா, முதல் வேலையை ஆடி பிறக்கும் முன்பே முடித்தேன். பெரம்பலூர் அரிசி மில்காரர் ஒருவர் கொடிகள் கேட்டிருந்தார். நடுவில் ராட்டை வைத்த கொடி, அதுவரை ஊர்வலங்களில் நாம் பார்த்ததுதான். கையிலிருந்த நீலத்துணி அத்தனையையும் ராட்டையாக வெட்டி வைத்துத் தைத்து அடுக்கினேன். என் ஆயுளில் ஒரு வேலையை முன்கூட்டி முடித்தது அதுதான்.

ஜூலைக் கடைசியில் ரயிலில் வந்த பேப்பரைப் படித்தேன். புதுக்கொடியில் ராட்டை இல்லை, சக்கரம் என்று போட்டிருந்தது. துணிக்கும் கண்ட்ரோல் இருந்த காலத்தில் வேறு நீலத்துணிக்கு எங்கே போவது? மில்காரர் வந்தார். கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, யோசனைதான் வந்தது.

“ராட்டையிலயும் ஒரு சக்கரம் இருக்குல்ல? அத விட்டுட்டு மத்ததப் பிரிச்சிடுங்க.”

மஞ்சள் ரவிக்கை

பூக்கடை செல்லம்மாள் மாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். மஞ்சள் ரவிக்கை கேட்டாள். அப்போது நான் கொடிக்காக வெள்ளைத்துணியைக் காவிக்கல் கரைத்த தண்ணீரில் முக்கிக் கடைவாசலில் காயப்போட்டிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த பச்சையைப் பார்த்தாள், தன் துணி மட்டும் மூலையில் மடிப்புக் கலையாமல் கிடப்பதையும் பார்த்தாள். சர்க்கார் வேலை முன்னே, அம்மன் வேலை பின்னே என்று நான் வைத்துவிட்டதாக முடிவே கட்டிவிட்டாள். அவள் கண்முன்னாலேயே துணியை விரித்து வெட்டினேன். அப்படியும் படி இறங்கும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்.

“வெள்ளக்காரன் போறதுக்கு ஒரு நாள் பிந்தினாலும் ஒண்ணுமில்லீங்க. ஆத்தா பொறுக்க மாட்டா.”

பிறைக்குக் காத்திருந்தவர்

அடுத்து காதர் பாய் தன் பிள்ளைகளின் பெருநாள் சட்டைத்துணியோடு வந்தார். அவர் நோன்போடு வெயிலில் நடந்து வந்திருந்தார். கடை நிறையக் கிடந்த துணியைப் பார்த்தார். ‘முடியாது’ என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் துணியை அலமாரியின் மேல்தட்டில் அவரே வைத்துவிட்டார். அந்த மனுஷன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“எங்களுக்குப் பிறை தெரிஞ்சாத்தானே பெருநாளு. மொதல்ல தேதிக்காரங்களை அனுப்பி வைங்க.”

நீலம்

சவரிமுத்து வாத்தியார் என்னிடம் இரண்டு வேலை கொடுத்திருந்தார். ஒன்று, அவர் ஊர் மாதா சுரூபத்துக்கு நீலப் பட்டில் மேலங்கி. மற்றது, அவர் பள்ளிக்கூடத்துக்குக் கொடி. பதினாலாம் தேதி மத்தியானம் வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் அவர் ஊர்ப்பக்கம் போகும் திருமானூர் பஸ். அதை விட்டால் காலையில் கொடியேற்றம் கிடையாது. மேலங்கி தயார். கொடியில் காவி, வெள்ளை, பச்சை எல்லாம் தயார். சக்கரம் மட்டும் இல்லை. மில்காரர் கொடிகளில் ராட்டைகளைப் பிரித்ததில் மிஞ்சியவை விரல் அகல நறுக்குகள். மையால் வரையலாம் என்றால் ஆடித் தூறல் ஒன்று போதும், வெள்ளை முழுவதும் நீலமாகிவிடும்.

நாக்கு நுனியில் ‘நாளைக்கு’ வந்து நின்றது. கடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். வாத்தியார் மேலங்கியை எடுத்து மடியில் விரித்தார். பின்பக்கம் தரையில் புரள நீளம் விட்டிருந்தேன். அவர் பார்வை அங்கேயே நின்றது. ஊரார் நேர்ந்துகொண்டு கொடுத்த பட்டு அது. கைவைத்தால் ஊரில் அவர் தலைகாட்ட முடியுமா? நான் கத்தரியைக் கீழே வைத்தேன். அவரே அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“வெட்டுங்க. மாதாவுக்குக் குளிராது.”

சாமியார் கேட்டது

பட்டிலிருந்து வெட்டிய வட்டத்தை மடித்து மடித்து ஆரக்கால்களுக்குக் குறி போட்டேன். பஸ்காரன் ஹாரன் அடிக்க அடிக்க மிதித்தேன். வாத்தியார் கொடியைச் சட்டைக்குள்ளும் மேலங்கியைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு ஓடினார். மறுநாள் முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. ஊரெல்லாம் மிட்டாய் தின்றது. என் பங்கு மிட்டாய் மிஷின் மேலேயே கிடந்தது. அந்த மனுஷனை ஊரார் என்ன செய்தார்களோ?

சனிக்கிழமை வாத்தியார் வந்தார். காலைப் பூசை முடிந்து எல்லாரும் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தார்களாம். கொடி ஏறியது. மாதா கோயில் சாமியார் அண்ணாந்து பார்த்தார். திரும்பி, தேரில் நின்ற மாதாவின் குட்டை மேலங்கியைப் பார்த்தார். ஊரும் அவரோடு சேர்ந்து மேலும் கீழும் பார்த்ததாம். வாத்தியார் இதைச் சொல்லும்போது என் கண் நிறைந்துவிட்டது, நான் மறைக்கவில்லை.

“‘ரெண்டும் ஒரே துணியா வாத்தியாரே?’ன்னு கேட்டாரு. ‘ஆமாங்க சாமி, ரெண்டு பேருக்கும் ஒரே தேதிங்களே’ன்னேன். சிரிச்சிட்டாரு.”

அதற்கடுத்த வாரம்

பால்குடம் நேரத்துக்குப் போயிற்று. காதர் பாய் வீட்டுச் சட்டைகளும் பிறைக்கு முன்னே போய்ச் சேர்ந்தன. அலுப்புத் தீர இரண்டு நாள் படுக்கலாம் என்று, ஒரு பாவாடை தைக்கக் கொண்டுவந்த செல்லம்மாளிடம் பழைய பழக்கத்தில் ‘நாளைக்கு வாங்க’ என்றேன். அவள் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“சொதந்திரத்தையே சொன்ன தேதிக்குத் தச்சுக் குடுத்தவரு, ஒரு பாவாடைக்கு என்னாத்துக்கு நாளைக்கிங்கிறீங்க?”

அந்த வெள்ளிக்கிழமை நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்ல எனக்கிருந்த சுதந்திரம் அதோடு போயிற்று.