இரண்டு மாத்திரை விழுங்கிய காலை

பிள்ளைகளா, உங்கள் நைனா ஒரு மாதமாகக் கிரேனில் ஏறவில்லை. துறைமுகத் தரையில் நின்று கன்டெய்னர் பெட்டிகளின் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். "இன்னா நைனா, உன்னை எறக்கிட்டாங்களாமே?" என்று சின்னது கேட்டபோது, தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

கிரேன் கேபின் ஆறு மாடி உயரம். காலடியில் கண்ணாடி. ஷிஃப்ட் முழுக்கத் தலையைக் குனிந்து அதன் வழியாகப் பார்த்துத்தான் பெட்டியைத் தூக்க வேண்டும், அடுக்க வேண்டும். ஒரு தடவை மூத்திரத்துக்கு இறங்கி ஏறினால், கீழே ட்ரெய்லர்கள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும். அதனால் வேலை நாளில் நாங்கள் யாரும் தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை.

வேலைக்காரர்களுக்கு வருடா வருடம் நடக்கும் உடல் பரிசோதனையில், போன தடவை எனக்கு பிரஷர் இருப்பதாகச் சொல்லி தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நினைத்தால் போடுவேன், மறந்தால் விடுவேன். இந்த வருடப் பரிசோதனை நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டோல்கேட்டில் ஒரு மருந்துக்கடையில் பிரஷர் பார்க்கக் கையை நீட்டினேன். ஏறியிருந்தது. மறுநாளும் போனேன். இன்னும் ஏறியிருந்தது. அதை அப்படியே பரிசோதனையில் எழுதிவிட்டால் கேபின் போய்விடும். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

பக்கத்துக் கிரேன் ஓட்டும் வியாசர்பாடி தோஸ்துதான் வழி சொன்னான். "இதுக்கா மாமு பேஜாராகுற? அன்னிக்குக் காலைல ரெண்டா முழுங்கிட்டு வா. மிஷினு கம்முனு கெடக்கும்." அவன் போன வருடம் அப்படித்தான் தப்பித்தானாம். இந்த வருடமும் அப்படித்தான் வருவானாம்.

பரிசோதனை அன்று காலை இட்லியைத் தட்டிலேயே விட்டேன். இரண்டு மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் போனேன்.

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து அளந்தார். நன்றாக இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது. நின்றபடியும் ஒரு தடவை பார்த்துவிடலாம், எழுந்திருங்கள் என்றார். துள்ளி எழுந்தேன். சுவரில் கண் பார்க்கும் அட்டையின் எழுத்துகள் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தன. அடுத்து நான் பார்த்தது மின்விசிறியை. தரையில் கிடந்தேன். என் கால்கள் ஒரு ஸ்டூல் மேல் இருந்தன.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எழுந்து நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்கிவிடுமாம். கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடும் பெரிய ரத்தக் குழாய்களில், அழுத்தம் குறைந்ததை உணரும் இடம் இருக்கிறது. அங்கிருந்து மூளைத்தண்டுக்குச் சேதி போகும். அது பிடரிக்கு மேலே, மண்டைக்குள், கட்டைவிரல் பருமனில் இருக்கிறதாம். உடனே அந்தத் தண்டு இதயத்தை விரட்டும், குழாய்களை இறுக்கும். நம்மைக் கேட்காது. நாம் தூங்கினாலும் அது தூங்காது.

எனக்கு இது கிரேன் கணக்கில்தான் புரிந்தது. தொங்குகிற பெட்டி ஆடினால், அது ஆடுகிற பக்கமே, அதைத் தாங்கி மேலே ஓடுகிற ட்ராலியைக் கொஞ்சம் ஓட்டி ஆட்டத்தைப் பிடிப்போம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். எனக்குள்ளும் ஒரு ஆபரேட்டர் அப்படி உட்கார்ந்திருக்கிறான். நான் தண்ணீர் குடிக்காமல் ரத்தத்தைக் குறைத்தேன். மாத்திரையை இரட்டித்துக் குழாய்களைத் தளர்த்தினேன். அவன் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, துள்ளி எழுந்து பெட்டியை ஆட்டிவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு நான் இரண்டாகப் போட்ட சங்கதி தெரியாது. வெறும் வயிறாக இருக்கும், சாப்பிட்டுவிட்டு நாளை வாருங்கள் என்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் கேபின் எனக்குத்தான். சரிங்கம்மா என்று சொல்லிச் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

அப்போது அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். தோஸ்து உள்ளே வந்தான். பரிசோதனை முடிந்தால் அவன் நேராக ஷிஃப்டுக்குப் போகிறவன். ஆறு மாடி ஏணி. மேலே கண் இருண்டால் அவன் மட்டுமா? அவன் பெட்டிக்குக் கீழே கொடி காட்டுகிற ஆளும் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்தான்.

"அம்மா, நான் ரெண்டு மாத்திர போட்டுகினு வந்தேன். இவனும் போட்டுக்கீறான்" என்றேன்.

அவன் விழவில்லை. ஆனால் நிற்கவைத்தபோது அவனுக்கும் அளவு சரிந்தது. இரண்டு பேருக்கும் தரை வேலை என்று எழுதினார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, தண்ணீர் குடித்து, இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். வாசலில் அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"நீ வுழுந்தா நீ வுழு மாமு. என்னை ஏன் இஸ்துகினு வுழற?"

பத்து நாள் அவன் வேறு கடையில் டீ குடித்தான். பதினோராம் நாள் எங்கள் டீக்கடைக்கு வந்து, தண்ணீர் குடித்தாயா என்று மட்டும் கேட்டான்.

கேபின் திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை. அதனால்தான் நைனா வீட்டில் ஒரு இடத்தில் உட்காராமல் நடந்துகொண்டே இருக்கிறேன். உங்கள்மேல் கோபம் ஒன்றும் இல்லை.

நேற்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு என் கிரேனின் அடிக்குப் போனேன். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைக் காலி செய்தேன். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தேன். துடிப்பு சட்டென்று வேகமாக ஓடியது, பிறகு நிதானத்துக்கு வந்தது. கண் இருளவில்லை. நம்பிக்கை வராமல் மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.