சாட்சிக் கையெழுத்தும் என் வயிற்றெரிச்சலும்

போன திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தையிடமிருந்து போன்.

“புதன்கெயமை ரிஜிஸ்டர் ஆபீஸ் போறேன்டா. உயிலு எழுதறேன்.”

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. எழுபத்தெட்டு வயது. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. உத்திரமேரூர் பக்கத்தில் தனியாக இருக்கிறார். ஒன்றரை ஏக்கர் நஞ்சை உண்டு. ரத்த உறவு என்று மிச்சம் இருப்பது அடியேன் ஒருவன்தான்.

“நான் வரட்டுமா அத்தை?”

“நீ எதுக்குடா தாம்பரத்துலேர்ந்து? செல்வம் கூட வர்றான். சாட்சிக் கையெழுத்தும் அவன்தான் போடறான்.”

வாயிலிருந்த பேஸ்ட் கசந்தது.

செல்வம் இருபது வருஷமாக அத்தையின் நிலத்தில் பயிர் வைப்பவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அத்தை அவரை ‘நைனா’ என்று கூப்பிடுவார். என்னை? ‘இன்னாடா’ என்றுதான். அத்தையின் சுகர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அத்தைக்கு சுகர் என்பதே எனக்குப் போன தீபாவளிக்குத்தான் தெரியும் – நான் ஆசையாக வாங்கிப்போன மைசூர்பாகை அவர் தொடாதபோது!

ஒப்புக்கொள்கிறேன்... பொறாமைதான். கலப்படமில்லாத பொறாமை. வருஷத்துக்கு இரண்டு முறை எட்டிப் பார்க்கிறவனுக்கு இது தேவையா என்று கேட்பீர்கள். பொறாமை என்ன, அட்டெண்டன்ஸ் பார்த்துவிட்டா வருகிறது?

இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. இன்றைக்குச் சாட்சி... நாளைக்கு? நிலம் மொத்தமும் ‘நைனா’ பேருக்குப் போய்விடாதா? என் புலம்பல் தாங்காமல் மனைவி சொன்னாள்: “இங்க உக்காந்து என் உயிரை எடுக்காம, போய்த்தான் பாருங்களேன்.”

போனேன். ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிரே, பத்திரம் எழுதுபவரின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் செல்வம் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

“வாங்கண்ணா, நாஷ்டா ஆச்சா?”

அந்த மரியாதை வேறு எரிச்சலைக் கிளப்பியது. உட்காரவில்லை. பாக்கெட்டிலிருந்து பேனாவை உருவினேன்.

“சாட்சிக் கையெழுத்தை நான் போடறேன். சொந்த ரத்தம் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?”

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். “வந்ததும் வராததுமா பேஜார் பண்ணிக்கினு கீறான் பாரு.”

பத்திரம் எழுதுபவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “தாராளமா போடுங்க சார். ஆனா, உயில்ல சொத்து வாங்கறவங்களே சாட்சியா நிக்கறது நல்லதில்ல. பின்னாடி யாராச்சும் கேஸ் போட்டா வம்பு. நீங்கதான் போடணும்னா... உள்ள இருக்கற உங்க பேரை எடுத்துடட்டுமா?”

பேனாவை மூடிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆக, நான் உள்ளே. செல்வம் வெளியே! திடீரென்று அந்த மனிதர் மேல் எனக்கு அப்படியொரு பாசம் வந்தது. அத்தை கையெழுத்துப் போட்டார். அதைக் கண்ணால் பார்த்த சாட்சிகளாகச் செல்வமும், அத்தைக்கு மாத்திரை கொடுக்கும் மெடிக்கல் ஷாப்காரரும் போட்டார்கள். உயிலுக்கு இரண்டு சாட்சி கட்டாயமாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லதாம். எல்லாவற்றுக்கும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

வேலை முடிந்து வெளியே வந்தோம். டீ என் செலவு. பெருந்தன்மை அத்தோடு நின்றிருக்கலாம்.

“ஏன் அத்தை, பாவம்... இத்தனை வருஷம் உழைச்சவர். செல்வத்துக்கும் ஏதாவது எழுதியிருக்கலாமே?”

“அவனுக்கு எதுக்குடா உயிலு? மோட்டார் கொட்டா கீதே, அந்த அம்பது சென்ட்ட போன வருசமே அவன் பேருக்கு செட்டில்மென்ட் பண்ணிட்டேன். பட்டாவே மாறிடுச்சி. மீதி ஒரு ஏக்கரு உனுக்கு. தண்ணிக்கு நீ அவனாண்ட பேசிக்கோ.”

டீ புரையேறியது. செல்வம்தான் என் தலையைத் தட்டிவிட்டார்.

மறந்துவிட்ட குடையை எடுப்பதுபோலத் திரும்பப் போய், பத்திரம் எழுதுபவரிடம் விசாரித்தேன். அவர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: “செட்டில்மென்ட்ன்னா சொத்து அன்னிக்கே கைமாறிடும் சார். லேசுல திரும்ப வாங்க முடியாது. உயிலு அப்படியில்ல. அவங்க காலத்துக்கு அப்புறம்தான் உங்களுக்கு. அதுவரைக்கும் எத்தனை தடவை வேணா மாத்தி எழுதலாம். கடைசியா எழுதினது எதுவோ, அதுதான் செல்லும்.”

எத்தனை தடவை வேணா! தாம்பரம் வரும்வரை பஸ் முழுக்க அந்த மூன்று வார்த்தைதான் ஓடியது. செல்வத்துக்கு இனி எந்தக் கவலையும் இல்லை. இருபது வருஷம் அந்த வயலில் நின்றவர், நியாயம்தான் – மனசாட்சி சொல்கிறது. வயிறு கேட்க மாட்டேன் என்கிறது.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உயில் எழுதும்போது சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கூப்பிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

சனிக்கிழமை மறுபடியும் உத்திரமேரூர் போனேன். அத்தையின் சுகர் மாத்திரை நீல டப்பாவில் இருக்கிறது!