முட்டை அட்டையில் ஒரு முகம்

நாமக்கல் முட்டை வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைப் போல் உபதேசம் செய்தவன் கிடையாது. காலையில் ஒரு சாமி படம், அதன் கீழே ஒரு அறிவுரை. "பிள்ளைகள் கையில் செல்போன் கொடுக்காதீர்கள்" என்று வாரத்தில் இரண்டு முறையாவது அனுப்புவேன். அனுப்பிவிட்டு, ஏழாவது படிக்கும் மகளிடம் அதே போனை நீட்டுவேன். அவளுடைய வீட்டுப்பாடம் எல்லாம் வகுப்புக் குரூப்பில்தான் வரும்.

அப்படித்தான் ஒரு நாள் என் போனில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். முப்பது முட்டை அடுக்கும் அட்டை, நடுக்குழியில் முட்டைக்குப் பதிலாக மொட்டையடித்த ஒரு சிறுமியின் தலை. முட்டை வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? வாய்விட்டுச் சிரித்தேன். யார் பெற்ற பிள்ளை என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். நான் அதை வியாபாரிகள் குரூப்பில் போட்டேன். சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டி வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியம் போன் வந்தது. எங்கள் குடோனில் லோடு ஏற்றிக் கேரளாவுக்கு ஓட்டும் வேன்காரர். அவரும் அந்தக் குரூப்பில் இருந்தார்.

"ஏனுங்க, அது என்ற பொண்ணுங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியும். பழக்கூடையோடு போய்ப் பார்த்தவன்தான். அப்பா பிழைத்து வந்தால் முடி தருவதாகக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டது அந்தப் பிள்ளை என்று இந்தப் போனுக்குப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் மகளோடு ஒரே வகுப்பு. வகுப்புக் குரூப்பில் அந்த ஸ்டிக்கர் வந்ததிலிருந்து, வயிற்றுவலி என்று சொல்லி நாலு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லையாம். இனிப் போகவே மாட்டேன் என்று அம்மாவிடம் அழுகிறதாம்.

குரூப்பில் போட்டதை அழித்தேன். அதற்குள் அது கோழித்தீவனக்காரர்கள் குரூப்பையும் தாண்டிப் போயிருந்தது. சாயங்காலம் மகளை நிற்க வைத்துக் கத்தினேன். ஸ்டிக்கர் செய்தது அவள்தான். அழுதுகொண்டே, "நான் கிளாஸ் குரூப்புலதாம்ப்பா போட்டேன். பெரியவங்களுக்கெல்லாம் நீங்கதான அனுப்புனீங்க" என்றாள். வெட்கமாக இருந்தது.

இருவருமாக அவர் வீட்டுக்குப் போனோம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பிள்ளை கதவோரம் வந்து நின்றது. மகள் மன்னிப்புக் கேட்டாள். நானும் கேட்டேன். அது எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, எங்களுக்குப் பின்னால் நின்ற தன் அப்பாவைப் பார்த்தது.

"நீங்க பாத்தீங்களாப்பா?"

"இல்ல சாமி. என்ற போனு ஒரு வாரமா ரிப்பேரு" என்றார் வேன்காரர்.

பிள்ளை என்னைப் பார்த்தது. "ஆமா சாமி, ரிப்பேருதான்" என்றேன். ஊருக்கே யோக்கியம் சொல்லித்தந்த வாய். அதன் முகம் கொஞ்சம் தெளிந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாமா என்று அவர் கேட்டார். சரி என்று தலையாட்டியது.

என் மகள் அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன் அதில்தான் இருந்தது.