அத்தபோரு

எங்கள் ஃபயர் ஸ்டேஷனுக்கு நெருப்புக்காக வரும் போன் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஊர்க் கஷ்டம். கிணற்றில் மாடு விழுந்தால் நாங்கள். மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலில் லாரி சேற்றில் சிக்கினால் நாங்கள். குளியலறையில் பாம்பு என்று அலறுவார்கள், மணியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் வீட்டுக்காரருடைய பெல்ட். ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து, சமையலுக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது, ஒரு டேங்க் அடித்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார்கள். நான் இந்த வண்டியின் டிரைவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்?

சித்தூர் ஸ்டேஷனில் போன் எடுப்பவனுக்கு இரண்டு மொழி வேண்டும். டவுனுக்குள் தெலுங்கு போதும். குடிபாலா பக்கம் போய்விட்டால் ஜனங்கள் ஒரே மூச்சில் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இந்த விஷயம் மேலே உத்தரவு போடுகிறவர்களுக்குத் தெரியாது. கோதாவரிப் பக்கத்திலிருந்து ஒருவரை மாற்றலில் அனுப்பி, வாட்ச் ரூமில் போனுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

என் வயதுதான் அவருக்கும். பெரிய மீசை, மெல்லிய குரல். நாங்கள் எல்லாம் மாற்றல் என்றால் அழுவோம். இவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் ஆகாது, நடுவில் நின்று அடிபட்டது போதும் என்று மாநிலத்தின் இந்தக் கோடிக்கு ஓடிவந்த மனிதர். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் தனித்தனியாக போன் செய்வார்கள். இரண்டு பேருக்கும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "சர்துக்கோ." அனுசரித்துப் போ.

நாலு வார்த்தை தமிழ் கற்றுக்கொள்ளுங்கள் என்று நானும் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "நெருப்பு என்றால் நிப்பு. தீ என்றாலும் நிப்பு. இந்த இரண்டும் காதில் விழுந்தால் மணியடியுங்கள்" என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நெருப்பு, தீ, நெருப்பு, தீ என்று சொல்லிக்கொண்டே காபி குடித்தார். ஆனால் வீடு பற்றி எரியும்போது எவன் நெருப்பு என்று சொல்கிறான்? பத்திக்கிச்சு என்பான், எரியுது என்பான், ஐயோ என்பான்.

ஒரு கோடைப் பிற்பகல். நான் வெளியே வண்டியின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே போன் அடித்தது. அவர் எடுத்தார். சற்று நேரத்தில் அவருடைய குரல் அப்படியே கனிந்துவிட்டது.

"அத்தபோரா அம்மா? அதி ப்ரதி இன்ட்லோ உன்னதே."

மாமியார் தொல்லையா, எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபயர் ஸ்டேஷனுக்கு இதற்கும் போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்களா என்று நினைத்துக்கொண்டேன். அவர் தொடர்ந்தார். உடம்பு எரிகிற நேரத்தில் பேசக்கூடாது தாயே, பேச்சு வளரும். கொஞ்சம் தண்ணீர் குடி. ஒரு பக்கமாக உட்கார். பெரியவர்கள்தானே, சர்துக்கோ.

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். நல்ல காரியம் செய்த களை முகத்தில்.

"பாவம் அன்னா, எங்க வீட்டுக் கதைதான். ரொம்பக் கோபமா இருந்துச்சு அந்தப் பொண்ணு" என்று தெலுங்கில் சொன்னார்.

"என்னதான் சொன்னா?"

"மொதல்ல அரவத்துல, அதான் உங்க தமிழ்ல, என்னவோ சொல்லிச்சு. எனக்குப் புரியலன்னதும் தெலுங்குல சொல்லிச்சு. அத்தபோரு மண்டிபோத்தா உந்தி சார்னு."

என் கையிலிருந்த குழாய் கீழே விழுந்தது. அவருடைய தெலுங்கில் போரு என்றால் சண்டை, நச்சரிப்பு. அத்தபோரு என்றால் மாமியார் கொடுமை. மண்டிப்போகிறது என்றால் எரிகிறது; எரிச்சலாக வருகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துப் பெண்ணுக்குப் போரு என்றால் வைக்கோல் போர். அவள் பதற்றத்தில் முக்கால்வாசி தெலுங்குக்கு மாறியும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் வீட்டிலிருந்தபடியே எடுத்துவந்திருக்கிறாள். அத்தையின் வைக்கோல் போர் பற்றி எரிகிறது என்று சொன்னவளிடம் இந்த மகானுபாவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. இரண்டு மொழியிலும் சொன்னேன். மணியடித்தோம். ஆட்கள் ஏறினார்கள். அப்போதுதான் தெரிந்தது, எந்த ஊர் என்று அவர் கேட்கவே இல்லை. மாமியார் சண்டைக்கு எதற்கு ஊர்ப்பெயர் என்கிறார். போனில் பதிந்திருந்த நம்பரைத் தட்டினேன். எடுத்தது ஒரு கிழவியின் குரல்.

"யார்ரா நீ?"

"ஃபயர் ஆபீஸ்மா. போரு எங்க எரியுது?"

"என் போரு. அவ போனப் போட்டுட்டுத் தண்ணி ஊத்திக்கினு கீறா. நீ ஊர்கோலம் கெளம்பிட்டியா, இல்லியா?"

ஊரை வாங்கிக்கொண்டேன். குடிபாலாவுக்கு இந்தப் பக்கம், வேலூர் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். ஆள் பற்றவில்லை என்று மீசைக்காரரையும் ஏற்றிக்கொண்டோம். வழியில் அவர் வாய் திறந்திருந்தால் இறக்கிவிட்டிருப்பேன்.

போய்ச் சேர்ந்தபோது போர் பாதிக்கு மேல் போயிருந்தது. ஊரே குடத்தோடு நின்று உச்சியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. வைக்கோல் போருக்கு மேலே ஊற்றினால் தண்ணீர் சறுக்கிக்கொண்டு ஓடிவிடும், உள்ளே நெருப்பு பாட்டுக்குத் தின்றுகொண்டே இருக்கும். கொக்கி போட்டு இழுத்து, பிரித்துப் போட்டுத்தான் நனைக்க வேண்டும். நாங்கள் இழுத்தோம். எல்லோரையும்விட அதிகமாக இழுத்தவர் மீசைக்காரர். மீசையின் ஒரு நுனி கருகியது, அவர் கவனிக்கவில்லை. கரி பிடித்த சேலையோடு ஒரு பெண் அவருக்குப் பக்கத்திலேயே நின்று தண்ணீர் ஊற்றினாள். அவர் தண்ணீர் கேட்டு யாரிடமோ "நீள்ளு, நீள்ளு" என்று கத்தியதும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கொரலுதான். சர்துக்கோன்னது நீதானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க அத்தயோட நான் பேசியே ஒரு வருசம் ஆச்சு. போரு எரியச்சொல்ல அவங்களாண்ட போய் அனுசரிச்சுக்கணுமா நானு?"

மகன் பெங்களூரில் வேலை. மாமியாரும் மருமகளும் அடுப்பைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். மருமகள் தளம் போட்ட மெத்தை வீட்டில். கிழவி கூப்பிடு தூரத்தில் ஷீட்டு போட்ட வீட்டில், ஒரே ஒரு பசுவோடு. அந்தப் பால்தான் கிழவிக்குச் சோறு. சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வரைக்கும் எவள் வீட்டு வாசலிலும் தட்டு நீட்ட மாட்டேன் என்று ஊரறியச் சொல்லியிருக்கிறாள். எரிந்துகொண்டிருந்தது அடுத்த அறுவடை வரைக்கும் அந்தப் பசு தின்ன வேண்டிய தீவனம்.

ஒருவழியாக அணைத்தோம். மிச்சமான வைக்கோல் நனைந்து, புகை நாறிக்கொண்டு கிடந்தது. கிழவி ஒரு பிடி எடுத்துப் பசுவின் முன்னால் நீட்டினாள். அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எப்படிப் பிடித்தது என்று கேட்டேன்.

"கரண்டு கம்பி" என்றாள் கிழவி.

அங்கே கம்பியே இல்லை. போருக்கு அடியில் கிழவியின் அடுப்புச் சாம்பல் கொட்டின தடம்தான் இருந்தது. மருமகள் அதைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். நான் அவளாக இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

இதற்குள் மாட்டுத் தரகர் ஒருவர் பைக்கில் வந்து நின்றுவிட்டார். புகை எங்களுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. பசுவைச் சுற்றி வந்தார், மடியைத் தட்டிப் பார்த்தார்.

"தீனி இல்லாம இன்னா பண்ணப் போற? என்னாண்ட வுடு" என்றார்.

கிழவி பசுவின் கழுத்தைத் தடவினாள். பிறகு, "ஓட்டிக்கினு போ" என்றாள். சொன்னாளே தவிர, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். நெருப்பை அணைத்துவிட்டு இப்படி நிற்பதைப்போல எரிச்சல் வேறு எதிலும் கிடையாது. அந்த நேரத்தில் மீசைக்காரரை உதைக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவர் ஏற்கெனவே உதைபட்டவர் மாதிரிதான் நின்றிருந்தார்.

மருமகள் குறுக்கே வந்தாள். மாமியாரைப் பார்க்கவில்லை. தரகரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மாடு எங்கயும் போவாது. எங்க ஊட்டாண்ட கட்டிக்கிறேன். என் போரு கீது, துன்னட்டும்."

சொல்லிவிட்டுக் கிழவியின் கையிலிருந்து கயிற்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்தாள். கிழவி தடுக்கவில்லை. பசு அவள் பின்னால் நடந்தது. தரகர் பைக்கை உதைத்தார்.

கொஞ்ச தூரம் போகும்வரை கிழவி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஷீட்டு வீட்டுக்குள் போய், ஒரு தலையணையையும் பால் செம்பையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் எல்லோரையும் ஒரு முறை முறைத்தாள்.

"அவளுக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட தெரியாது, நைனா. அவள நம்பி எப்டி வுடறது? மாட்டுக்கோசரம் போறேன்."

கதவைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். வேகவேகமாக அந்த மெத்தை வீட்டை நோக்கி நடந்தாள்.