பெரட்டும் புரட்டும்

தோளில் வைத்துப் பிடிக்கும் பெரிய வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போன முதல் தமிழன் நான்தான். எனக்கு முன்னாலும் ஆள் இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், என் காதில் விழாது. சாஆ டவுன் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. என் கட்டுரை நோட்டில் வாத்தியார் போட்ட சிவப்புக் கோடுகளைச் சேர்த்துக் கட்டினால் ஜொகூர் பாரு வரைக்கும் வரும். அந்தக் கோடு வருவதற்கு முன்னால் நான் வந்துவிட்டேன். கடை போட்டேன், வீடு கட்டினேன், மகளை யூனிவர்சிட்டிக்கு அனுப்பினேன். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

என் கடை இருந்த வரிசையில் அப்போது ஆறு கடைகள். ஒருவன் படம் எடுப்பான், ஒருவன் பத்திரிகை அடிப்பான், ஒருவன் பெயர்ப்பலகை எழுதுவான், ஒருவன் பாட்டு கேசட் விற்பான், ஒருவன் மைக் செட் கட்டுவான், நான் வீடியோ. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லப்போவதில்லை. பலகை எழுதுகிறவனுக்கு ‘ழ’ வராது. மைக் செட்காரன் கட்டிய ஸ்பீக்கர் தாலி கட்டும் நேரம் பார்த்துத்தான் கூவும். ஆனால் யார் தப்பு செய்தான் என்பது தெரியும். போய்ச் சட்டையைப் பிடிக்கலாம்.

இப்போது அந்த ஆறு கடையும் என் மகளின் ஒரே மேசையில் இருக்கின்றன. படம், பாட்டு, பத்திரிகை, விளம்பரம், நேரலை, வானொலிக்குக் குரல், எல்லாம் ஒரே கம்ப்யூட்டர். வெளியே போனால் அதுவும் இல்லை, போன் மட்டும்தான். இதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் ‘கண்டென்ட்’. கல்யாணம் கண்டென்ட், காதுகுத்து கண்டென்ட், ரொட்டி சானாய் கடைத் திறப்பும் கண்டென்ட். ஒரு நாள், “சாவு?” என்று கேட்டேன். “அதுவும்தான்பா, மெமோரியல் கண்டென்ட்” என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த மெமோரியல் கண்டென்டைத் தேடித்தான் பண்டார் தெங்காராவிலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு நாளன்று மண்டபத்தில் எல்லாருக்கும் அவர் குரலைக் கேட்கவைக்க வேண்டும். அவருடைய குரல் எந்தப் போனிலும் இல்லை. போனைக் கண்டாலே எழுந்து போய்விடுகிற மனுஷன். குரல் இருப்பது ஒரே இடத்தில்தான்: அவர்களுடைய மூத்த மகள் கல்யாண வீடியோவில். எடுத்தவன் நான்.

“அண்ணே, எங்ககிட்ட இருக்கிற டேப்புல அவரு வாயி மட்டும் அசையுது. சத்தத்துக்குப் பதிலா சினிமாப் பாட்டு ஓடுது” என்றார்.

உண்மை. நான்தான் போட்டேன். அன்றைக்கு எல்லாரும் பாட்டு வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஆனால் வெட்டாத, ஒட்டாத மூல டேப்பை நான் தூக்கி எறிந்ததே இல்லை. இந்த ஊர் ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். அதற்காக அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை இரவு பகலாக எரியவிட்டு வைத்திருக்கிறேன். என் மனைவி இருந்தவரை அந்த பல்பைத் திட்டாத நாள் இல்லை. கையை உள்ளே விட்டு ஐந்தே நிமிடத்தில் டேப்பை எடுத்தேன். படித்தவர்களின் ஆபீஸில் போன மாதத்து ஃபைலைக் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் என் பெருமை.

அந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தோட்டத்தில் பெரட்டு எடுத்தவர். விடிவதற்கு முன்னால் ஆட்களைக் களத்தில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. வெள்ளைக்காரன் ‘பரேட்’ என்றான், நம் ஆட்கள் வாயில் அது பெரட்டு ஆனது. முப்பது வருடம் அவர் கூப்பிட்டார். தோட்டத்தை விற்றுச் சனங்கள் டவுனுக்குக் குடிபோன சமயத்தில், வராத ஆளை வந்ததாகச் சொல்லித் தன் சொந்தக்காரர்களுக்கு மட்டும் நஷ்டஈட்டுப் பணம் வாங்கிக் கொடுத்தார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சு அவரைச் சாகும்வரை விடவில்லை. அதைக் கிளப்பியவர்களும் அந்த அம்மாவும் இன்றும் ஒரே தாமான் குடியிருப்பில், ஒரே கடையில் தோசை சாப்பிடுகிறார்கள். அந்த மண்டபத்தில் அவர் குரல் கேட்க வேண்டும் என்று அம்மா கேட்டது அழுவதற்காக இல்லை. அவர்கள் முன்னால் அவர் ஒரு தடவை தலை நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

என் மகள் டேப்பை வாங்கிக்கொண்டாள். “நாலே நாள், ஆன்ட்டி. ஏஐல போட்டா சூப்பரா வந்துரும்லா.”

நாலாம் நாள் காலையில், கடை திறந்ததும் அந்த அம்மா வந்து நின்றார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் லீவு போட்டு ஓட்டி வந்திருந்தான். அவன் காரை விட்டே இறங்கவில்லை. அம்மா போனை நீட்டினார். என் மகள் முதல்நாள் மாலை அவர்களுடைய குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட முன்னோட்டம்.

“அண்ணே, நீங்களே சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு பொரட்டுக்காரரா?”

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். படத்தில் அந்த மனுஷன் மைக்கைப் பிடித்து நிற்கிறார். கீழே எழுத்து ஓடுகிறது: “புரட்டு! புரட்டு! எல்லாரும் புரட்டுக்கு வாங்க!” அதற்குப் பிறகு அவர் போட்டோ மட்டும். போட்டோவின் வாய் அசைகிறது. அவர் குரல் போலவே ஒரு குரல், ஆனால் சென்னை டிவியில் செய்தி வாசிக்கிற தமிழில், “வணக்கம் உறவுகளே! முப்பது ஆண்டுகள் புரட்டு செய்து வாழ்ந்தவன் நான்” என்கிறது.

அதன் கீழே, அந்தப் பழைய பேச்சைக் கிளப்பியவர்களில் ஒருவர், மச்சான் முறை, சிரிக்கிற மூஞ்சி போட்டு எழுதியிருந்தார்: “மெசினே உண்மைய சொல்லிருச்சு.”

எனக்கு வந்த கோபத்தில் மகளைக் கூப்பிட்ட சத்தம் எதிரே இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். அவள் வந்தாள், பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் வாய் குறையவில்லை.

“நான் சும்மா விடலப்பா. மெஷின் எழுதினதும் செக் பண்ணேன். அகராதியில பெரட்டுன்னு ஒரு வார்த்தையே இல்ல. புரட்டு இருக்கு.”

“புரட்டுன்னா என்னான்னு பாத்தியா?”

“புரட்டுறது. திருப்பிப் போடறது. மண்ணைப் புரட்டுற வேலையோன்னு நினைச்சேன்.”

யூனிவர்சிட்டி! மண்ணைப் புரட்டுகிற வேலை! நான் பிறந்து வளர்ந்த களத்தின் பேர் என் மகளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியாததை மெஷினும் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து செத்த மனுஷன் வாயில் ‘நான் ஏமாற்றுக்காரன்’ என்று போட்டுவிட்டார்கள். முன்பு என்றால் எழுதியவன் ஒருவன், குரல் கொடுத்தவன் ஒருவன், வெட்டி ஒட்டியவன் ஒருவன். மூன்று பேரில் ஒருவனாவது, “டேய், என்னடா இது?” என்று கேட்டிருப்பான். எல்லாம் ஒன்றாகிவிட்ட பிறகு கேட்க ஆள் இல்லை. இதைத்தான் வளர்ச்சி என்கிறார்கள்.

“சாரி ஆன்ட்டி, ஒரு எழுத்துதானே, இப்பவே மாத்திர்றேன்” என்றாள் மகள்.

அம்மா உட்காரவும் இல்லை. “எழுத்த மாத்துவ. இருமல எங்கம்மா வச்சிருக்க?”

“எந்த இருமல்?”

“ஒவ்வொரு வரிசை கூப்பிடறதுக்கு முந்தியும் அவரு ஒரு இருமு இருமுவாரு. அது இல்லாம அவரு பேசவே மாட்டாரு. இதுல ஒண்ணுகூட காணோம். இது அவரு இல்ல. அவரு சட்டைய போட்டுக்கிட்டு வேற யாரோ பேசறான்.”

மகள் மெல்லச் சொன்னாள்: “நாய்ஸ்னு மெஷின் எடுத்துருச்சு.”

நான் அலமாரியைத் திறந்து பழைய பிளேயரை எடுத்து, டிவியில் செருகி, மூல டேப்பைப் போட்டேன். மகள் அதிலிருந்து காப்பி எடுத்தாளே தவிர, காது கொடுத்து முழுதாகக் கேட்டவள் இல்லை. ஜெனரேட்டர் இரைச்சல், காற்று, குழந்தை அழுகை, எல்லாவற்றுக்கும் நடுவில் மைக்கைப் பிடித்து அந்த மனுஷன் பந்திக்கு ஆள் கூப்பிடுகிறார், களத்தில் கூப்பிடுகிற மாதிரியே. ஒரு இருமல். “பெரட்டு! பெரட்டு! பால்மரம் வெட்டுறவங்க?” தூரத்திலிருந்து, “இருக்கோம்!” இருமல். “ஒரம் போடறவங்க?” “இருக்கோம்!” இருமல். “மருந்து அடிக்கிறவங்க?” “இருக்கோம், சோறு இருக்கா?” சிரிப்பு. கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி, “வீட்டுக்காரி?” என்கிறார். சமையல் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கூரையைப் பிய்க்கிறது: “இருக்கேன்!”

மகளின் காப்பியில் அந்த ‘இருக்கேன்’ இல்லை. அதுவும் நாய்ஸ்.

“இன்னொரு தடவ போடுங்கண்ணே” என்றார் அம்மா. போட்டேன். “இன்னொரு தடவ.” போட்டேன். மூன்றாம் தடவை அவர் சிரித்துவிட்டார். “அலமாக், அவ்ளோ சத்தமாவா கத்துனேன்?”

“கல்யாணத்துல பாதி கூட்டம் உங்க சத்தத்துக்குப் பயந்துதான் சாப்பிட உக்காந்துச்சு” என்றேன்.

“ஞாயித்துக்கெழம இதையே போடுங்க. ஒண்ணும் தொடைக்காதீங்க. அவங்க காதால கேக்கட்டும்.”

அவர் போனதும் மகளைப் பிடித்து நன்றாகப் பேசினேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவள் ஒன்று கேட்டாள்: “அப்பா, சினிமாப் பாட்டப் போட்டு அவரு குரல மூடுனது யாரு? நீங்களா, மெஷினா?”

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்காகப் பிளேயரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு பண்டார் தெங்காராவுக்குப் போனேன். மண்டபத்துப் புரொஜெக்டரில் என் பிளேயரின் வயரைச் செருக இடமே இல்லை. ஒரு நாட்டில் சாமான் செய்கிறவன் பழைய சாமானுக்கு ஓர் ஓட்டைகூட வைக்காமல் செய்கிறான், அதற்கு உலகமே கை தட்டுகிறது. மகள் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்து நடுவில் மாட்டினாள். படம் வந்தது. அவள் தொழிலில் நான் மதிக்கிற ஒரே சாமான் அந்தப் பெட்டிதான்.

முதல் வரிசையில் மச்சான் முறைக்காரர் உட்கார்ந்திருந்தார், சிரிக்கிற மூஞ்சி போட்டவர். போனைத் தூக்கிப் பிடித்திருந்தார், இன்னும் ஏதாவது கிடைக்கும் என்று. எழுத்து எதுவும் ஓடவில்லை. இரைச்சல் மட்டும். இருமல் கேட்டதும் மண்டபம் அடங்கியது. “பெரட்டு! பெரட்டு!” என்றதும் பின்வரிசைக் கிழங்கள் நிமிர்ந்தன. “பால்மரம் வெட்டுறவங்க?” டேப்பில் வந்த பதிலோடு மண்டபத்திலும் இரண்டு மூன்று குரல். “ஒரம் போடறவங்க?” இன்னும் கொஞ்சம். “மருந்து அடிக்கிறவங்க?”

“இருக்கோம்!” என்றார் மச்சான் முறைக்காரர். போனைப் பிடித்தபடியே, அவருக்கே தெரியாமல். அத்தனை வருடம் மருந்து அடித்த உடம்பு, வாய் கேட்டுக்கொண்டா திறக்கும்? பக்கத்தில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

“வீட்டுக்காரி?”

டேப்பில், “இருக்கேன்!”

அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண் முழங்கையால் இடித்து, “பதில் சொல்லுங்கக்கா” என்றாள்.

“அதான் சொல்லிட்டேனே. காது கேக்கலயா?”

சாப்பாட்டின்போது மச்சான் முறைக்காரர் அம்மாவிடம் வந்து, மோர் வேண்டுமா என்று கேட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த மாதிரி ஆட்கள் கேட்கமாட்டார்கள். அம்மா வேண்டும் என்றார். அவர் போய் எடுத்து வந்தார். எனக்கு அது போதும், அம்மாவுக்கும் போதும் போலிருந்தது.

அடுத்த நாள் மகள் அந்தத் துண்டை இணையத்தில் ஏற்றினாள், அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். இந்தத் தடவை கீழே ஓடுகிற எழுத்தை மெஷினிடம் விடவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல அவளே தட்டினாள். ‘பெரட்டு’ என்று தட்டியதும் அதன் அடியில் சிவப்பாக ஒரு நெளிகோடு வந்தது.

“தப்புங்குதுப்பா” என்றாள்.

“போடட்டும். எங்க வாத்தியாரும் இதே கலர்லதான் போட்டாரு. நீ அடுத்த வரிய அடி.”