ராஜா இறந்த மூன்றாம் நாள்

பிரயூன் அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அவர் பிறந்தபோதும் தாய்லாந்துக்கு அதே ராஜாதான். பட்டாளத்துக்குப் போனபோதும், மனைவியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தபோதும் அதே ராஜாதான். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் அவருடைய பட்டறைச் சுவரில் ராஜாவின் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் வேலையில் கைவைப்பார்.

நான் பட்டறைக்கு மேல் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அந்த வியாழக்கிழமை மாலை தொலைக்காட்சியில் அறிக்கை வாசித்தபோது அவரோடுதான் நின்றிருந்தேன். கழற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு, அண்ணன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

“எங்கப்பன் செத்தப்பகூட தலைக்கு மேல ஒரு கூரை இருக்குன்னு தோணுச்சுடா. இப்ப அதுவும் போச்சு.”

மறுநாள் ஊர்க் கடைகளில் துக்கத்துக்குப் போடும் கறுப்புச் சட்டை தீர்ந்துவிட்டது. அண்ணன் ஒரு டின்னில் சாயப்பொடி கரைத்துத் தன் சட்டைகளை முக்கினார். மிஞ்சிய பொட்டலத்தை எதிர்க்கடை லமியத் அக்காவிடம் கொடுத்தார். அக்காவுக்குச் சோற்றுக் கடை. சின்ன உடம்பு, பெரிய குரல், வலது முழங்காலில் தேய்மானம். பதினாறு வருடமாக அண்ணனுக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

“இது என் சட்டியில ஒட்டிக்கிச்சுன்னா ஒரு வருஷத்துக்கு ஊருக்கே கறுப்புக் கொழம்புதாண்ணே” என்றார் அக்கா. அழுது வீங்கிய முகத்தோடுதான் அதைச் சொன்னார்.

சனிக்கிழமை மழை விடவேயில்லை. அக்கா சாயம் போட்ட சட்டைகள் கொல்லைக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. ராஜாவுக்காக விகாரையில் பூசை. பிக்குகளுக்கான சமையல் அக்காவின் பொறுப்பு. காய்ந்த சட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ரோஜா நிறத்தில் பூப்போட்டது. அதைப் போட்டுக்கொண்டு விடியலிலிருந்து அடுப்படியில் நின்றார். சோறு வாங்க வந்தவர் ஏதோ சொல்ல, ஒரு நொடி சிரித்தார். தெருவில் போன எவனோ அதைப் படமெடுத்து, “நாடே அழுகிறது, இவள் சிரிக்கிறாள்” என்று முகநூலில் போட்டுவிட்டான். படத்தில் கடைப் பலகையும் தெரிந்தது.

பத்து மணிக்குள் நூற்றைம்பது பேர் திரண்டுவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் அக்கா கையால் சாப்பிட்டவர்கள்.

“வெளிய வாடி! செத்தா சிரிப்பு வருதா உனக்கு?”

“தம்பி, சட்டை காயலப்பா. பின்னாடிதான் தொங்குது. வந்து பாத்துக்கங்க.”

“நடிக்காத! விழுந்து மன்னிப்புக் கேளு!”

ஓரமாக நின்ற போலீஸ்காரர் அக்காவிடம் குனிந்து, “விழுந்து கும்பிட்டுடுங்கக்கா. ஒரு நிமிஷத்துல முடிஞ்சுரும். நான் ஒருத்தன் இவங்கள என்ன பண்ணுவேன்?” என்றார்.

கும்பிடுவதற்குப் படம் வேண்டுமே. ஒருவன் பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, “அண்ணே, அத எடுத்தாங்க” என்றான். அண்ணன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து, மழையில் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நின்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். “அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்களேன். சாயம் குடுத்ததே நீங்கதானே?”

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. “இவள உங்களுக்குத் தெரியுமா?”

“எதிர்க்கடை” என்றார் அண்ணன்.

அக்காவின் முழங்கால் மடங்கவில்லை. யாரோ தோளைப் பிடித்து அழுத்தினார்கள். அக்கா சேற்றில் விழுந்து கும்பிட்டார். “வீடியோ சரியா வரல, மறுபடி!” என்றான் ஒருவன். மறுபடியும் விழுந்தார். அதன்பின் தானாக எழுந்திருக்க அவரால் முடியவில்லை. விகாரைக்குப் போகவேண்டிய சோறு அடுப்பிலேயே தீய்ந்தது. நான் மாடி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். இறங்கிப் போகவில்லை.

அன்று மாலை அண்ணன் போய்க் கதவைத் தட்டினார். அக்கா திறக்கவில்லை. நான்காம் நாள் அவருடைய மகன் வண்டி கொண்டுவந்து, அம்மாவையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு சும்போனில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனான்.

டிசம்பரில் அண்ணன் பாங்காக் போனார். தகனத்துக்கு முன் அரண்மனையில் வைத்திருந்த ராஜாவின் உடலை வணங்கப் பதினோரு மணி நேரம் வரிசையில் நின்றார். உள்ளே விட்டது ஒரு நிமிடம்கூட இல்லை.

“தலை தரையில பட்டதும் அந்தம்மா முழங்கால்தான் ஞாபகம் வந்துச்சு. வேற எதுவுமே வரல” என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஊர் திரும்பும் வழியிலேயே சும்போனில் இறங்கிவிட்டார். அக்கா காலில் கட்டோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாராம்.

“பயந்துட்டேன் லமியத்.”

“பயந்தவன் கை நடுங்கியிருக்கும்ணே. நீங்க படத்த ஆடாம அசையாம புடிச்சுட்டு நின்னீங்க.”

அண்ணன், “ஆமா. எனக்கும் அன்னிக்கு ஆத்திரமாத்தான் இருந்துச்சு. யார் மேலன்னு தெரியல. யாராச்சும் ஒருத்தர் விழணும்னு இருந்துச்சு” என்றார்.

அக்கா உரித்த பூண்டை முறத்தில் தள்ளினார். “நாலு மணிக்கு பஸ்ஸு. இப்பவே கெளம்புனா புடிச்சுரலாம்.”

சோற்றுக் கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கும் கடை வந்தது. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. அண்ணன் மட்டும் பேசினார். வண்டி விட வருகிறவர்களிடம், அதுவும் அன்று கூட்டத்தில் நின்றவர்களிடம், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: “அன்னிக்குப் படத்தப் புடிச்சவன் நான். அவ சட்டை கொல்லையில ஈரமாத் தொங்குனது எனக்குத் தெரியும்.”

“விடுங்கண்ணே, பழசு. எல்லாருக்கும் துக்கம், என்ன பண்றது?” என்பார்கள். அடுத்த முறை வண்டியை வேறு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒவ்வொருவராக அப்படி நின்றுபோனார்கள். அண்ணன் சொல்வதை நிறுத்தவில்லை.

என்னிடம் அவர் அதைச் சொன்னதில்லை. ஜன்னலில் நின்று பார்த்தவனுக்குச் சொல்லவேண்டிய அவசியமில்லை என்று அவருக்குத் தெரியும். அடுத்த வருடம் நான் அந்த அறையைக் காலி செய்துவிட்டேன்.